முதலாம் ரிச்சர்ட்
முதலாம் ரிச்சர்ட் (செப்டம்பர் 8, 1157 – ஏப்ரல் 6, 1199) 1189 முதல் இறக்கும் வரை இங்கிலாந்தின் மன்னராக இருந்தவர். போர்த்திறன் காரணமாகச் சிங்க நெஞ்சர் எனப் பெயர் பெற்றார். இவரது உடல், இதயம், உள்ளுறுப்புகள் ஆகியன தனித்தனி இடங்களில் அடக்கம் செய்யப்பட்டன.

வாழ்க்கை

ரிச்சர்ட், மன்னர் இரண்டாம் என்றிக்கும் அக்குவித்தேனின் எலினோருக்கும் மகனாக ஆக்சுபோர்டில் பிறந்தார். 1173 இலும் 1189 இலும் தந்தைக்கு எதிராகப் போரிட்டார். 1189 சூலையில் தந்தை இறக்கவே அரியணை ஏறினார். மூன்றாம் சிலுவைப் போரில் சலாகுத்தீனை எதிர்த்துப் போரிட்டுத் திரும்பும் வழியில், 1192 திசம்பரில் வியன்னா அருகே சிறைப்பட்டார். பெருந்தொகை மீட்புப் பணமாகச் செலுத்தப்பட்ட பின்னர் 1194 இல் விடுதலையானார். பத்தாண்டு ஆட்சிக் காலத்தில் இவர் இங்கிலாந்தில் தங்கியது ஏறத்தாழ ஆறு மாதங்களே.

இறப்பும் அடக்கமும்

1199 மார்ச் 26 அன்று பிரான்சின் சாலு கோட்டையை முற்றுகையிட்டிருந்தபோது குறுக்குவில் அம்பு இவரது தோளில் பாய்ந்தது. புண் அழுகியதால் தமது 41 ஆம் அகவையில் இறந்தார். உடல் பொன்டெவ்ரோ மடாலயத்தில் தந்தையின் காலடியில் அடக்கம் செய்யப்பட்டது. தந்தையை எதிர்த்ததற்கான கழுவாயாக இது கருதப்படுகிறது. இதயம் நார்மாண்டியின் ரூவான் பேராலயத்தில் வைக்கப்பட்டது. உள்ளுறுப்புகள் சாலுவில் புதைக்கப்பட்டதாகப் பொதுவாகக் கூறப்படுகிறது. எனினும் அக்கால வரலாற்றாசிரியர் ஒருவர் சாரூ மடாலயத்தைக் குறிப்பிடுகிறார்.

குடும்ப வழக்கம்

இவ்வழக்கம் ரிச்சர்டின் குடும்பத்தில் முன்னரே இருந்தது. இவரது கொள்ளுப்பாட்டனார் முதலாம் என்றி 1135 இல் நார்மாண்டியில் இறந்தபோது, உள்ளுறுப்புகள் ரூவான் அருகே புதைக்கப்பட்டு, உடல் இங்கிலாந்தின் ரெடிங் மடாலயத்திற்குக் கொண்டு செல்லப்பட்டது. 1183 இல் இறந்த அண்ணன் இளைய என்றியின் உள்ளுறுப்புகள் கிராண்மோன் மடத்திலும் உடல் ரூவானிலும் அடக்கம் செய்யப்பட்டன. தொலைவில் இறந்தவரின் உடல் வழியில் அழுகாமல் காப்பது இதன் முதற் காரணமாகும். பல இடங்களில் இறந்தவருக்காக வேண்டுதல் நடக்கும் என்ற நம்பிக்கையும், ஆண்ட நிலங்களோடு தொடர்பை நிலைநாட்டும் நோக்கமும் பிற காரணங்கள். 1299 இல் திருத்தந்தை எட்டாம் போனிபாசு உடலைப் பிரித்து அடக்கம் செய்வதைத் தடை செய்தார். ஆயினும் அரச குடும்பங்கள் சிறப்பு அனுமதி பெற்று அதனைத் தொடர்ந்தன.

பிற்கால ஆய்வு

பிரெஞ்சுப் புரட்சிக் காலத்தில் பொன்டெவ்ரோ கல்லறைகள் சிதைக்கப்பட்டன. ரிச்சர்ட், அவரது பெற்றோர் ஆகியோரின் படுத்த நிலைச் சிலைகள் எஞ்சின. 1838 இல் ரூவான் பேராலயத்தில் பெயர் பொறித்த ஈயப் பேழை கண்டெடுக்கப்பட்டது. அதனுள் இதயம் பொடியாகியிருந்தது. 2013 இல் வெளியான அறிவியல் ஆய்வு, இதயம் சணல்நார்த் துணியில் சுற்றப்பட்டிருந்ததையும், புதினா முதலிய செடிகள், பாதரசம், நறுமணப் பிசின் ஆகியவற்றால் பதப்படுத்தப்பட்டிருந்ததையும் கண்டறிந்தது. மூன்றாகப் பிரிக்கப்பட்ட மன்னரின் உடலில் அறிவியலாளர் ஆராயக் கிடைத்தது இப்பொடி மட்டுமே.