முடி துறந்த மன்னன்

போரில் மாண்ட மன்னரை உலகம் போற்றும். பணிந்தவரை எளிதில் மன்னிப்பதில்லை. ஆயினும், கொரியாவின் சில்லா அரசில் இறுதியாக முடிதரித்த கியொங்சுன்னைக் கோழையென இகழ என் மனம் ஒருப்படவில்லை.

927இல் பிற்காலப் பெக்சேயின் வேந்தன் கியொன் ஹ்வொன், சில்லாவின் தலைநகரான கியொங்ஜுவைச் சூறையாடி, அரசனின் உயிரைப் போக்கி, இவனை அரியணையேற்றினான். பகைவன் சூட்டிய முடி அது! பின்னர், எஞ்சிய ஊர்களும் ஒவ்வொன்றாக வடக்கே எழுந்த கொர்யோவின் பக்கம் சாய்ந்தன. குடிகளின் குருதி வீணே சிந்தலாகாதெனத் துணிந்த கியொங்சுன், ஏறத்தாழ ஆயிரம் ஆண்டு நிலைத்த அரசை 935இல் கொர்யோ மன்னன் வாங் கொன்னிடம் ஒப்புவித்தான். அதனை எதிர்த்த இளவரசன் சணலாடை புனைந்து மலையேகினான் என்பது மரபு.

தந்தையோ வாங் கொன்னின் மகளை மணந்து, 978 வரை வாழ்ந்தான். அவன் சமாதி முன்னோர் துயிலும் கியொங்ஜுவில் இல்லை. தொலைவில், வடக்கே யொன்சொனில் தனித்துக் கிடக்கிறது. மகன் மானத்தைக் காத்தான். தந்தை மக்களைக் காத்தான். என் வணக்கம் தந்தைக்கே.