ராமானுஜனைக் கொன்றது காசநோய்தானா?

கும்பகோணம் சாரங்கபாணி சன்னதித் தெருவில் வளர்ந்த கணித மேதை ராமானுஜன், 32 வயதில் காசநோயால் இறந்தார் என்றுதான் பலரும் படித்திருப்போம். விஷயம் அவ்வளவு நேரானது இல்லை.

1906-ல் சென்னையில் படித்தபோது சீதபேதி வந்து ஊருக்குத் திரும்பினார். சரியாகிவிட்டது என்றே நினைத்திருப்பார்கள். 1914-ல் கேம்பிரிட்ஜ் பயணம். 1917-ல் அங்கே படுத்தவர், அப்புறம் முழுசாகத் தேறவே இல்லை. முதலில் இரைப்பைப் புண் என்றார்கள். பிறகு காசநோய். நடுவில் கல்லீரல் புற்றுநோயோ என்ற சந்தேகம் வேறு! நோயின் பெயரே தெரியாதபோது அது எங்கே போய் முடியும் என்று எப்படிச் சொல்வது?

1919-ல் நாடு திரும்பி, சில மாதங்கள் கும்பகோணத்தில் இருந்தார். 1920 ஜனவரியில்கூட ஹார்டிக்குப் புதிய கண்டுபிடிப்பு பற்றிக் கடிதம் எழுதினார். ஏப்ரல் 26-ல் சென்னையில் மரணம்.

கிடைத்த குறிப்புகளை அலசிய டி.ஏ.பி. யங், 1994-ல் வேறொரு நோயைச் சொன்னார்: கல்லீரல் அமீபா தொற்று. பழைய சீதபேதிக்குக் காரணமான அமீபா குடலில் ஆண்டுக்கணக்கில் பதுங்கியிருந்து கல்லீரலுக்குப் போகும். இது ஊகம்தான், ஆனால் வலுவான ஊகம். கொடுமை என்னன்னா, அமீபாவுக்கான எமெட்டின் ஊசியை 1912-லேயே கல்கத்தாவில் லியோனார்ட் ரோஜர்ஸ் போட ஆரம்பித்துவிட்டார்.

இன்றும் இந்தக் குழப்பம் தீரவில்லை. குரோன் நோய், குடல் காசநோய், அமீபா மூன்றும் பார்க்க ஒரே மாதிரி இருக்கும். குடல் அழற்சிக்குத் தரும் ஸ்டீராய்டு, உள்ளே இருப்பது அமீபா என்றால் உயிருக்கே ஆபத்து. அதனால்தான் கொலோனோஸ்கோபி, திசுப் பரிசோதனை எல்லாம். அப்படியும் பிடிபடாவிட்டால் காசநோய் மருந்தைக் கொடுத்து, சில மாதம் கழித்துப் புண் ஆறியிருக்கிறதா என்று மறுபடி குடலுக்குள் பார்க்கிறார்கள்.