மயிலை தந்த வரலாற்றாசிரியர்

திருவொற்றியூர்க் கோயிலுக்குச் செல்லாதவர் நம்மில் அரியர். ஆனால் அங்குள்ள கல்வெட்டுகளை நின்று படித்தவர் எத்தனை பேர்? கி.பி. 949இல் தக்கோலப் போரில் சோழ இளவரசன் இராசாதித்தன் மாண்டான். அவனோடு மடியாமற் போனோமே என்று நாணித் துறவு பூண்டு, இவ்வூர் மடத்துக்குத் தலைவரான கேரள நாட்டு நண்பர் சதுரானன பண்டிதரின் வரலாறு அங்கே கல்லில்தான் இருக்கிறது. கல்லெழுத்து பட்டம் பெற்ற அறிஞர்களுக்கே உரியது என்று நாம் ஒதுங்கி விடுகிறோம். அவ்வாறு ஒதுங்காத ஒருவர் இதே சென்னையில், மயிலாப்பூரில் வாழ்ந்தார். அவர்தாம் மயிலை சீனி. வேங்கடசாமி.

1900 டிசம்பர் 16இல் ஒரு சித்த மருத்துவரின் மகனாகப் பிறந்த அவர், தமையன் கோவிந்தராசனாரிடம் தமிழ் கற்றார். எழும்பூர் ஓவியப் பள்ளியில் சேர்ந்தார், அப்படிப்பு நீடிக்கவில்லை. 'திராவிடன்' இதழில் சில காலம் பணியாற்றிப் பின்னர்ப் பள்ளி ஆசிரியரானார். மணம் செய்துகொள்ளவில்லை. பல்கலைக்கழகப் பதவி ஏதும் இல்லை. பள்ளி வேலை போக எஞ்சிய நேரமும் ஆசிரியர் ஊதியமுமே அவருடைய ஆராய்ச்சிக்கு முதல். பிராமி, வட்டெழுத்து, கிரந்தம் ஆகியவற்றை முயன்று கற்றார். எழுத்தின் வளைவுகளைப் பிரித்தறிய, ஓவியம் பயின்ற கண் துணை செய்திருக்கும் என்பது என் எண்ணம்.

1936இல் 'கிறித்தவமும் தமிழும்', 1940இல் 'பௌத்தமும் தமிழும்', 1954இல் 'சமணமும் தமிழும்' வெளிவந்தன. இவற்றுள் சமணம் பற்றிய நூலில் தம் சொந்த ஊரைப் பற்றி அவர் தரும் செய்தி ஒன்று நம்மைத் தடுத்து நிறுத்தும். மயிலைக் கடற்கரையில் ஒருகாலத்தில் நேமிநாதர் கோயில் இருந்தது. கடல் ஊருக்குள் புகும் என்று அஞ்சி, அத்திருவுருவத்தைச் சித்தாமூருக்குக் கொண்டுபோயினர் என்பது வழிவழி வந்த செய்தி. கோயில் இன்று இல்லை. சாந்தோமில் கிடைத்த, நேமிநாதர் பெயர் பொறித்த கல்துண்டு ஒன்று, அவிரோதியாழ்வாரின் திருநூற்றந்தாதி, மக்கள் சொல்லி வந்த கதை. இவற்றை ஒன்றுசேர்த்தே மறைந்த கோயிலை நிலைநாட்டுகிறார். கடல் கரையை அரித்துக் குடிசைகளைக் கொண்டுபோவதை இராயபுரம் முதல் எண்ணூர் வரை கண்ணால் கண்ட நமக்கு இதை நம்புவது கடினமன்று.

இல்லாததை எஞ்சிய துண்டுகளிலிருந்து மீட்கும் இந்த வேலையே அவருக்கு மிக உகந்தது போலும். பழைய உரையாசிரியர்கள் ஆங்காங்கே எடுத்துக்காட்டிய வரிகளையும் பெயர்களையும் திரட்டி, 1959இல் 'மறைந்துபோன தமிழ் நூல்கள்' எழுதினார். ஒவ்வோர் உரையாகப் புரட்டிக் குறிப்பெடுக்கும் அந்தப் பணியின் சலிப்பை, தேர்வுக்குக் குறிப்பெடுக்கும் நாம் ஓரளவு உணரலாம்! பல்லவ மன்னர் மூவரைப் பற்றித் தனித்தனி நூல் செய்தார். 1975இல், முதுமையில், யாரும் தொடத் தயங்கிய களப்பிரர் காலத்தை எடுத்துக்கொண்டார். அவர் முடிவுகள் அனைத்தையும் இன்றைய அறிஞர் ஒப்புவதில்லை. மறுப்போரும் அவர் தொகுத்த சான்றுகளைப் புறக்கணிப்பதற்கில்லை.

1980 மே 8இல் அவர் மறைந்தார். அவர் நூல்களைத் தமிழக அரசு பின்னர் நாட்டுடைமையாக்கியது. நூல் ஒவ்வொன்றின் முகப்பிலும் அவர் பெயருக்கு முன் பட்டம் நிற்க வேண்டிய இடத்தில் ஊர்ப்பெயரே நிற்கிறது.