தராசை நம்பிய லவாய்சியர்

எங்கள் வீட்டுப் பரணில் ஒரு பித்தளைப் படி இருக்கிறது. கொள்ளுப்பாட்டி அதில் அளந்துதான் உலை வைப்பாராம். பட்டணம் படி வேறு, உள்ளூர்ப் படி வேறு, அளக்கிறவர் கையைப் பொறுத்தும் கூடும் குறையும் என்று பாட்டி சொல்வார்கள். இன்று நமது பெரிய மார்க்கெட்டில் அரிசி, பருப்பு எல்லாம் கிலோதான். அந்தக் கிலோவின் பிறப்புக்காக உழைத்து, அது முழுமை பெறுமுன் உயிரிழந்த ஒருவரைப் பற்றி எழுதுகிறேன். வேதியியல் பாடத்தில் நாம் படிக்கும் லவாய்சியர்தான் அவர். (பிரெஞ்சு படித்த என் தாத்தாவிடம் 'லவுவாசியே' என்றுதான் சொல்ல வேண்டும்!)

அந்துவான் லவாய்சியர் 1743 ஆகஸ்டு 26 அன்று பாரிசில் பிறந்தார். இளம் வயதிலேயே தாயை இழந்தார். சட்டம் பயின்றாலும் மனம் அறிவியலில் இருந்தது. 1768-ல் அறிவியல் கழகத்தில் இடம் பெற்றார். அதே ஆண்டு, அரசரின் வரிகளை வசூலிக்கும் குத்தகை நிறுவனத்திலும் பங்கு வாங்கினார். 1771-ல் அதன் பங்குதாரர் ஒருவரின் மகள் மரி-ஆனை மணந்தார். மணமகளுக்கு வயது 13! அவரும் நம்மைப் போலக் கன்னியர் மடத்தில் படித்தவர். ஆங்கிலம் கற்று, கணவருக்காக அறிவியல் நூல்களை மொழிபெயர்த்தார். ஆய்வுக் கருவிகளின் படங்களையும் வரைந்து கொடுத்தார்.

லவாய்சியர் எதையும் நிறுத்துப் பார்த்தே நம்புவார். எரியுமுன்னும் எரிந்த பின்னும் காற்றைக்கூட எடை போட்டார். பொருள் அழிவதில்லை என்பதை அப்படித்தான் நிலைநாட்டினார். ஆனால் லண்டன் பவுண்டு பாரிஸ் பவுண்டு அல்லவே! எல்லா நாடுகளுக்கும் பொதுவான எடை வரும்வரை, அவரவர் பவுண்டையே பத்துப் பத்தாகப் பகுத்துக் கணக்கிடலாம் என்று 1789-ல் வெளிவந்த தம் நூலில் யோசனை கூறினார். விகிதமாவது எங்கும் ஒன்றாக இருக்கும் அல்லவா?

விவசாயிகளின் கவலை வேறு. தானியமாக வாரம் வாங்கும் பிரபு பெரிய மரக்காலால் அளந்தால் அவர்கள் என்ன செய்வார்கள்? 1789-ல் அரசருக்கு அனுப்பிய குறைப் பட்டியல்களில், நாடெங்கும் ஒரே அளவு வேண்டும் என்று பல ஊரார் கேட்டிருந்தனர். புரட்சிக்குப் பின் அதற்கு வழி பிறந்தது. எந்த ஊரின் அளவையும் எடுக்காமல், பூமியின் அளவிலிருந்து நீளத்தையும் தண்ணீரிலிருந்து எடையையும் பெற முடிவு செய்தார்கள். அப்படியானால் எந்த நாடும் இது அயலாரின் அளவு என்று ஒதுக்காது என்பது அவர்கள் எண்ணம். அந்தக் குழுவுக்கு லவாய்சியர் பொருளாளர். ஆவுயி என்ற குருவானவரோடு சேர்ந்து, 1793 தொடக்கத்தில், தூய நீரை அளந்து எடையைக் கணக்கிட்டார்.

ஆனால் வரிக் குத்தகைக்காரர்கள் மேல் மக்களுக்குக் கடுங்கோபம். உப்புக்குக் கொடுத்த வரியை யார் மறப்பார்? பாரிசைச் சுற்றிச் சுங்க மதில் எழுப்ப யோசனை சொன்னவரும் லவாய்சியரே. இதை மறைத்து எழுதுவது சரியாகாது. 1793 நவம்பரில் அவர் சிறைப்பட்டார். நண்பர்கள் பலர் வாய் திறக்கவில்லை. ஆவுயியும், குழுவைச் சேர்ந்த போர்தாவும் அவரை விடுவிக்கும்படி எழுதிக் கேட்டார்கள். அந்தக் குருவானவரோ அரசு கேட்ட சத்தியத்தைச் செய்ய மறுத்து, 1792-ல் தாமே சிறை சென்று மீண்டவர். அவர் துணிந்து கையெழுத்திட்டதை நினைத்தால் எனக்கு உடல் சிலிர்க்கிறது. பயனில்லாமல் போயிற்று. 1794 மே 8 அன்று 28 குத்தகைக்காரர்கள் கில்லட்டினில் கொல்லப்பட்டனர். மரி-ஆன் ஒரே நாளில் தந்தையையும் கணவரையும் இழந்தார். லவாய்சியருக்கு அப்போது வயது 50.

மறு ஆண்டு ஏப்ரலில் மீட்டர், லிட்டர், கிராம் என்ற பெயர்கள் சட்டத்தில் ஏறின. அவர் விட்ட வேலையை மற்றவர்கள் முடித்து, 1799-ல் பிளாட்டினத்தால் கிலோ எடையைச் செய்து வைத்தனர். மரி-ஆன் கணவரின் கட்டுரைகளை நூலாக வெளியிட்டு, 1836-ல் காலமானார். பிரெஞ்சு மக்கள் பழைய அளவுகளை எளிதில் விடவில்லை; 1840-ல்தான் புதிய முறை அங்கே முழுக் கட்டாயமாயிற்று. நம் நாட்டில் 1956-ல் சட்டம் இயற்றி, 1958 அக்டோபர் முதல் சேரையும் மணங்கையும் வீசையையும் படிப்படியாக விட்டோம்.