மருதநாயகம்: திருச்சிராப்பள்ளி உயர்த்திய சிப்பாய்

மருதநாயகம் என்னும் முகம்மது யூசுப்கானை மாவீரர் என்றோ கும்பினியின் கையாள் என்றோ கூறி முடித்துவிடுவது வழக்கம். சிப்பாயாகத் தொடங்கிய ஒருவர் ஆளும் உரிமையைக் கோரியபோது நேர்ந்தது என்ன என்பதை நாம் போதிய அளவு பேசுவதில்லை.

1725ஆம் ஆண்டளவில் இராமநாதபுரம் சீமையைச் சேர்ந்த பனையூரில் பிறந்த அவர், இசுலாத்தைத் தழுவி, 1752இல் கிளைவின் படையில் சேர்ந்தார். அப்போது ஆர்க்காட்டு நவாபு பதவிக்கான போர் திருச்சிராப்பள்ளியைச் சூழ்ந்திருந்தது. கோட்டைக்குள் முகம்மது அலியும் ஆங்கிலேயரும் இருந்தனர். 1753, 1754 ஆண்டுகளின் முற்றுகையில் திருவரங்கத் தீவு பிரெஞ்சு, மைசூர்ப் படைகளின் தளமாயிற்று. தானியம் நின்றால் கோட்டை வீழும் என்னும் நிலையில், தஞ்சை, புதுக்கோட்டைப் பகுதிகளிலிருந்து உணவுப்பொருள்களைப் பாதுகாப்பாகக் கொண்டுசேர்த்தவர் யூசுப்கான். அவரைத் துரோகியாகக் காட்டப் போலிக் கடிதம் ஒன்று புனையப்பட்டது. விசாரணையில் சதி வெளிப்பட்டு, ஆங்கிலப் படையின் மொழிபெயர்ப்பாளர் பொன்னியப்பன் மரண தண்டனை பெற்றார். யூசுப்கானோ கும்பினிச் சிப்பாய்கள் அனைவருக்கும் தளபதியானார்.

பின்னர் மதுரை, திருநெல்வேலிச் சீமைகளை நிருவகித்தார். பூலித்தேவர் உள்ளிட்ட பாளையக்காரர்களைக் கும்பினிக்காக ஒடுக்கியவரும் அவரே. இதை மறைத்து அவரைப் போற்றுதல் நேர்மையாகாது. ஆனால் வரி திரட்டித் தந்தவரை ஆட்சியாளராக ஏற்க நவாபும் கும்பினியும் முன்வரவில்லை. நவாபின் ஊழியராக அடங்கியிருக்க மறுத்த அவர், 1763இல் மதுரையில் பிரெஞ்சுக் கொடியை ஏற்றினார். நெடிய முற்றுகைக்குப் பின் உடனிருந்தோரே அவரைக் காட்டிக்கொடுத்தனர். 1764 அக்டோபர் 15 அன்று தூக்கிலிடப்பட்டார். தண்டித்தவர், திருச்சிராப்பள்ளியில் அவரது உழைப்பால் காக்கப்பட்ட அதே முகம்மது அலி. துண்டிக்கப்பட்ட தலை அந்நகருக்கே அனுப்பப்பட்டதாக மரபுவழிச் செய்தி உண்டு.

அவரது பிறப்புச் சாதி குறித்து ஒருமித்த கருத்தில்லை. அவரை எந்தச் சாதியின் கணக்கில் சேர்ப்பது என்பது நமக்கு முதன்மையன்று. பறையர் உள்ளிட்ட ஒடுக்கப்பட்டோர் பலரும் கும்பினியின் சென்னைப் படையில் உழைத்தனர். அவர்களுள் பெரும்பாலோரின் பெயர்கூட எஞ்சவில்லை. அடிமட்டத்தோரின் துணிவைப் பயன்படுத்திக்கொண்டு, முடிவெடுக்கும் உரிமையை மட்டும் மறுக்கும் முறை அன்றோடு ஒழிந்துவிடவில்லை. பதவி தரப்படும் இடங்களில் அதிகாரமும் தரப்படுகிறதா என்று நாம் கேட்கவேண்டியிருப்பது அதனால்தான்.