ரெஸ்ற் காணாத துடுப்பாட்டக்காரர் சதாசிவம்



ஆஹெனில் வளரும் எங்கட பிள்ளைகளுக்கு விளையாட்டு எண்டால் உதைபந்தாட்டம்தான். அலமானியா கழகத்தைப் பற்றிக் கேட்டால் மூச்சுவிடாமல் சொல்லுவினம். இலங்கைக் கிறிக்கெற் அணிக்கே தலைமை தாங்கிய மகாதேவன் சதாசிவம் என்ற தமிழரைப் பற்றிக் கேட்டால் முழிப்பினம். அதனால் இம்முறை மலருக்கு அவருடைய கதையை எழுதுகிறேன். பெரிய ஆக்கள் கூடினால் கிளம்புகிற ஒரு வாக்குவாதமும் இதற்குள் வருகிறது. நடுவர் விட்ட பிழையால் ஒரு துடுப்பாட்ட வீரரின் மதிப்புக் கூடுமா, குறையுமா என்பதுதான் அது.

சதாசிவம் 1915 ஒக்டோபர் 18இல் பிறந்தவர். கொழும்பு வெஸ்லி கல்லூரியில் படித்து, பின்பு தமிழ் யூனியன் கழகத்துக்கு ஆடினார். பலத்தைக் காட்டி அடிக்கிறவர் அல்லர். மணிக்கட்டைத் திருப்பி, ஆள் நிற்காத இடம் பார்த்துப் பந்தைத் தட்டிவிடுவார். 1947இல் சென்னைச் சேப்பாக்கத்தில் தென்னிந்திய அணிக்கு எதிராக 215 ஓட்டங்கள் எடுத்தார். அந்த ஆட்டத்தைப் பார்த்தவர்கள் சாகும்வரை அதைக் கதைத்தார்கள்.

1948 மார்ச்சில் பிறட்மனின் அவுஸ்திரேலிய அணி இங்கிலாந்துக்குக் கப்பலில் போகும் வழியில் கொழும்பு ஓவல் மைதானத்தில் ஒருநாள் ஆடியது. இலங்கையின் தலைவர் சதாசிவம். அன்று ஒரு வேடிக்கை நடந்தது. 22 யார் இருக்கவேண்டிய ஆடுகளம் 20 யார்தான் இருந்தது! அளந்தவர்களும் கவனிக்கவில்லை, நடுவர்களும் கவனிக்கவில்லை. ஆட்டத்தின் நடுவில்தான் பிறட்மன் கண்டுபிடித்தார். அப்படியான களத்தில் எடுத்த ஓட்டத்தை வைத்து யாரை எடைபோடுவது?

1951இல் சதாசிவத்தின் வாழ்வில் பேரிடி விழுந்தது. அவருடைய மனைவி கொலை செய்யப்பட்டார். கணவரே குற்றவாளிக் கூண்டில் ஏற்றப்பட்டார். கொல்வின் ஆர். டி சில்வா அவருக்காக வாதாடினார். 1953இல் யூரர்கள் அவரைக் குற்றவாளி அல்லர் என விடுவித்தார்கள். ஆனாலும் ஊர்வாய் அடங்கவில்லை. பின்னர் சிங்கப்பூர், மலாயா போய் அந்த இரண்டு அணிகளுக்கும் தலைமை தாங்கினார். மூன்று நாட்டு அணிகளுக்குத் தலைவராக இருந்தவர் வேறு யார்?

1977 யூலை 9இல் அவர் காலமானார். இலங்கைக்கு ரெஸ்ற் தகுதி கிடைத்தது 1981இல். முதல் ரெஸ்ற் நடந்தது 1982 பெப்ரவரியில், அதே ஓவல் மைதானத்தில். மனிதர் ஒரு ரெஸ்ற் கூட ஆடாமலே போய்விட்டார்.

இனி நடுவர் விஷயத்துக்கு வருவோம். 1946இல் பிறிஸ்பேனில் பிறட்மன் 28 ஓட்டங்களில் நிற்கும்போது இக்கின் பந்தைப் பிடித்தார். ஆட்டமிழப்பு எண்டு இங்கிலாந்து வீரர்கள் நம்பினார்கள். நடுவர் இல்லை என்றார். பிறட்மன் 187 வரை போனார். சரி, அது நடுவரின் பிழை என்றே வைத்துக்கொள்வோம். மிச்சம் 159 ஓட்டத்தையும் கழித்துப் பாருங்கள். 6996 ஓட்டங்கள் 6837 ஆகும். 70 ஆட்டமிழப்பால் பிரித்தால் சராசரி 99.94இலிருந்து 97.67க்கு இறங்கும், அவ்வளவுதான். அப்பவும் அவருக்குக் கிட்ட ஒருத்தரும் இல்லை.

எதிர்ப்பக்கமும் உண்டு. 2007இல் ஹோபாட்டில் சங்கக்கார 192இல் நிற்கும்போது, துடுப்பில் படாத பந்துக்கு ஆட்டமிழப்பு என்று நடுவர் விரலை உயர்த்தினார். சங்கக்கார மொத்தம் 11 இரட்டைச் சதம் அடித்தார், பிறட்மன் 12. அந்த எட்டு ஓட்டமும் கிடைத்திருந்தால் சமன். ஆனால் அவர் பெரிய ஆட்டக்காரர் என்பதை யாரும் மறுக்கிறார்களா? இல்லையே.

நிறைய ஆடியவருக்கு ஒரு பிழை, குளத்தில் விழுந்த கல்லு மாதிரி. கொஞ்சமாய் ஆடியவருக்கோ அது செம்புத் தண்ணியில் விழுந்த கல்லு. பத்து முறை மட்டும் ஆட்டமிழந்தவருக்கு அதே 159 ஓட்டம் சராசரியில் 16ஐக் கூட்டும் அல்லது குறைக்கும். சதாசிவம் ஆடிய முதல்தர ஆட்டங்களே பத்துப் பன்னிரண்டுதான். அதனால்தான் அவருடைய புள்ளிவிபரத்தைப் பார்த்து அவரை உயர்த்தவும் ஏலாது, தாழ்த்தவும் ஏலாது என்கிறேன்.

இப்போது நடுவரின் தீர்ப்பை மீள்பார்வைக்கு அனுப்பலாம். அந்த முறையை முதன்முதலில் பரீட்சித்ததும் 2008இல் கொழும்பில்தான். பிழையாய்க் கொடுத்த ஆட்டமிழப்பை அது திருத்தும். ஆடவே இடம் கிடைக்காத ரெஸ்ற்றை எந்தக் கருவி திருப்பித் தரும்?

பிள்ளைகளே, ஒரு வீரரின் சராசரியைக் கேட்கும்போது, அவருக்கு எத்தனை முறை ஆட இடம் கிடைத்தது என்பதையும் சேர்த்துக் கேளுங்கள். வீட்டில் அப்பா, மாமா, தாத்தாமாரிடம் சதாசிவத்தைப் பற்றி விசாரியுங்கள். அவர்கள் சொல்லும் கதை எந்தப் புள்ளிவிபரப் புத்தகத்திலும் இராது.