மனோரா கட்டிய ராஜா

சேதுபாவாசத்திரம் பக்கம் கடலோரத்தில் நிற்கும் மனோராவைப் பார்த்திருக்கிறீர்களா? அறுகோண வடிவம், எட்டு அடுக்கு, சுற்றிலும் மதில், அகழி. பெரிய படை முகாம் போட்ட கோட்டை மாதிரியே இருக்கும். ஆனா அது போர் நடந்த இடமே இல்லை! ஐரோப்பாவில் நெப்போலியன் வீழ்ந்த ஆங்கிலேயர் வெற்றிக்காக, 1814-ல் தஞ்சை மன்னர் இரண்டாம் சரபோஜி எழுப்பிய நினைவுச் சின்னம்.

யாரோ போட்ட சண்டைக்கு நம்ம ராஜா ஏன் கோபுரம் கட்டணும்?

சரபோஜி 1777-ல் பிறந்தவர். 1787-ல் துளஜா மன்னர் அவரைத் தத்தெடுத்தார். உடனேயே இறந்தும் போனார். சிற்றப்பா அமர்சிங் அரியணை ஏறிவிட்டார். பையனைக் காப்பாற்றிப் படிக்க வைத்தவர் பாதிரியார் சுவார்ட்ஸ். 1798-ல் கம்பெனியார் சரபோஜியை மன்னராக்கினார்கள். சும்மா இல்லை! மறு வருஷமே ஒப்பந்தம் போட்டு, நெல் விளையும் நாடு முழுவதையும் தாங்களே எடுத்துக்கொண்டார்கள். அவருக்கு மிஞ்சியது தஞ்சைக் கோட்டை, ஆண்டுக்கு ஒரு லட்சம் வராகன், வருமானத்தில் ஐந்தில் ஒரு பங்கு.

மனோரா நன்றியா, பயமா? இரண்டும்தான்னு எனக்குத் தோணுது.

ஆனா மிச்சப் பணத்தை அவர் செலவழித்த விதம் வேறு. சரசுவதி மகால் நூலகத்துக்கு ஆயிரக்கணக்கில் புத்தகம் வாங்கினார். அரண்மனையிலேயே அச்சுக்கூடம் வைத்தார். தன்வந்திரி மகாலில் வைத்தியம் நடந்தது. கண் நோயாளிகளின் கண்ணைப் படமாக வரைந்து எழுதிய குறிப்புகள் இன்றும் அந்த நூலகத்தில் உள்ளன.

1832-ல் சரபோஜி மறைந்தார். மகன் சிவாஜி 1855-ல் ஆண் வாரிசில்லாமல் இறந்ததும், மிச்சமிருந்த கோட்டையையும் கம்பெனி எடுத்துக்கொண்டது. மனோரா கட்டி அப்போ 41 வருஷம்தான் ஆகியிருந்தது.